முட்டி எலும்பும் மூன்று மணி நேரமும்

ஜார்ஜ் டவுனின் மேகசின் சந்திப்பிலிருந்து புறப்பட்டு, ஒரு காலத்தில் வெள்ளீயம் உருக்கும் ஆலை இயங்கிக்கொண்டிருந்து இன்று பேரங்காடியாகிவிட்ட இடத்தையும், மாலை நேரத்தில் உணவுக் கடைகளைச் சுற்றிக் கூட்டம் கூடுகின்ற பாடாங் பிரவுன் மைதானத்தையும் தொட்டுக்கொண்டு, ஆயர் ஈத்தாம் பக்கமாக நீண்டு செல்லும் டத்தோ கிராமாட் சாலையில், பசித்தவன் ஒருவன் உணவு தேடி அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை என்பதைப் பினாங்குவாசிகளுக்கு எவரும் எடுத்துச் சொல்ல அவசியமில்லை. ஆயினும், கடைகளில் எத்தனை விதமான பதார்த்தங்கள் கிடைத்தபோதிலும், வீட்டார் அனைவரும் ஒருசேர இருக்கின்ற விடுமுறை நாளில், காலையிலேயே தேக்சாவை அடுப்பில் ஏற்றி, மாட்டிறைச்சியையும் எலும்பையும் மசாலாவோடு மெல்லக் கொதிக்கவிட்டு, நடுப்பகலில் ரொட்டியோடும் சோற்றோடும் பரிமாறுகின்ற பழக்கத்தைத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் அநேகம் பேர் இன்றும் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். அவர்கள் சூப்பு என்று சொல்லுகிற இந்தப் பதார்த்தம், ஆங்கிலேயர் ஸ்டூ என்று வழங்குகின்ற கெட்டியான இறைச்சிக் குழம்புக்கும், ஊரில் ஆணம் என்று வழங்குகின்ற நம் குழம்புக்கும் நடுவே நிற்பது. இரண்டின் சுபாவமும் இதில் உண்டு.

மாட்டிறைச்சியைத் தங்கள் சமயத்தையும் குலவழக்கத்தையும் ஒட்டி விலக்கிவைத்திருக்கின்ற தமிழ் வீடுகள் பினாங்கிலும் பிற இடங்களிலும் ஏராளமாக இருப்பதை நான் அறிவேன். அந்த வீட்டார் இக்கட்டுரையில் சொல்லப்படுகின்ற முறையை ஆட்டின் கால் இறைச்சிக்கும் எலும்புக்கும் அப்படியே பொருத்திக்கொள்ளலாம். இளம் ஆடாக இருந்தால் வேகும் நேரம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பதைத் தவிர வேறு பெரிய வித்தியாசம் இல்லை. உண்பவர்களுக்கோ, இந்தச் சூப்பைக் குறித்துச் சொல்ல வேண்டிய பிரதானமான செய்தி ஒன்று இருக்கிறது. இளைய தலைமுறையினர் பலர், வீட்டில் சமைக்கும்போது அது கடையில் கிடைப்பதுபோல் வருவதில்லை என்று மனம் சலித்து அதை விட்டுவிடுகிறார்கள். அவர்களுடைய கைப்பக்குவத்தில் குறை இருப்பதாகவே அவர்களும் எண்ணுகிறார்கள். குறை பெரும்பாலும் கையில் இல்லை. குடும்பத்துக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும் என்னும் அன்பினால், அவர்கள் சந்தையில் அதிக விலைகொடுத்து மிருதுவான இறைச்சியை வாங்கிவந்துவிடுகிறார்கள். கெண்டைக்காலும் முட்டியும் நெஞ்சுப்புறத்துச் சவ்வும் ஆகிய கடினமான, மலிவான பாகங்களே இந்தச் சூப்புக்கு உரியவை. மிருதுவான பாகத்தைக் கொண்டு இதை உயர்ந்த முறையில் ஆக்கவே முடியாது.

இது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, மாட்டின் உடலை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். நாள் முழுவதும் நின்றும் நடந்தும் உழைக்கின்ற கால்களும், உடலின் பாரத்தைத் தாங்குகின்ற நெஞ்சுப்புறமும், ஓயாமல் அசைகின்ற வாலும், உறுதியான இணைப்புத் திசுக்களால் பின்னப்பட்டிருக்கின்றன; முதுகெலும்பின் உட்புறத்தில் அதிகம் வேலையின்றிக் கிடக்கின்ற தசையில், மலாய்க்காரர்கள் பாத்தாங் பினாங் என்று சொல்லும் பாகத்தில், அவை மிகக் குறைவு. அந்தத் திசுவில் கொலாஜன் என்னும் புரதம் நிறைந்திருக்கிறது. பச்சையாக இருக்கும்போது பல்லுக்கு அடங்காத இந்தப் பொருள், ஈரமும் உஷ்ணமும் நீண்ட நேரம் சேர்ந்து வேலை செய்தால், தன் கட்டமைப்பு அவிழ்ந்து ஜெலட்டினாக மாறித் திரவத்தில் கரைகிறது. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் அளவில் தொடங்கும் அந்த மாறுதல், 80 டிகிரிக்கு மேல் துரிதமாகிறது. ஆயினும் ஒரு பெரிய துண்டு முழுவதும் மாறி முடிய மணிக்கணக்கில் நேரம் வேண்டும். அதே உஷ்ணத்தில் தசை நார்கள் சுருங்கித் தங்களுக்குள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடுவதால், இறைச்சி எதுவாயினும் அரை மணி நேரத்தில் உள்ளே வறண்டுதான் போகும். கெண்டைக்கால் இறைச்சியில், அவ்வாறு வறண்ட நார்களுக்கு நடுவே ஜெலட்டின் ஊறிநின்று அவற்றை மீண்டும் இளகச் செய்கிறது. விலையுயர்ந்த மிருதுவான இறைச்சியிலோ, ஊறி நிற்க அங்கே எதுவும் இல்லாமையால், மூன்று மணி நேரம் கழித்து எஞ்சுவது சாரமற்ற நார்க்கட்டு ஒன்றே.

உதட்டில் லேசாக ஒட்டுகின்ற பசையும், மாவு எதுவும் கரைத்து ஊற்றாமலேயே குழம்புக்கு வந்து சேருகின்ற கனமும் இந்த ஜெலட்டினால் வருபவையே. அதற்காகத்தான் எலும்பு வேண்டும். முட்டியைச் சுற்றியுள்ள குருத்தும் தசைநாணும் கொலாஜனின் களஞ்சியம். உள்ளிருக்கும் மஜ்ஜை கொழுப்பையும் தனி ருசியையும் தருவது. மலேசியாவின் சூப்புக் கடைகளில் மாட்டின் பெரிய மூட்டு எலும்பை முழுசாக வேகவைத்துக் கியர்பாக்ஸ் என்னும் பெயரில் விற்பதையும், அதை வாங்கி உறிஞ்சுவதற்கென்றே ஆட்கள் தூரத்திலிருந்து வருவதையும் கண்டவர்கள், எலும்பு வெறும் ஒட்டுப்பொருள் அல்லவென்பதை நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்த இடத்தில் இன்றைய சந்தையின் நிலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மலேசியா தன் மாட்டிறைச்சித் தேவையின் பெரும் பகுதியை வெளிநாடுகளிலிருந்து வரவழைத்துக்கொள்கிறது. அவ்வாறு வருவனவற்றுள் இந்தியாவிலிருந்து உறைநிலையில் வருகின்ற எருமை இறைச்சி மிக முக்கியமான ஸ்தானத்தை வகிக்கிறது. விலை குறைவானதாலும் எளிதில் கிடைப்பதாலும் சாதாரணக் குடும்பங்களும் உணவுக் கடைகளும் அதையே பெரிதும் நம்பியிருக்கின்றன. கால்நடைகளைப் பீடிக்கும் கோமாரி நோயின் கிருமி எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கணுக்களிலும் தங்கியிருக்கக்கூடும் என்பதால், ஏற்றுமதிக்கு முன்னரே எலும்பையும் அந்தக் கணுக்களையும் அகற்றிவிட்டு, இறைச்சியை ஒரு நாள் போலக் குளிரில் வைத்து அதில் இயல்பாக அமிலத்தன்மை ஏறிய பிறகே உறையவைத்து அனுப்ப வேண்டும் என்பது விதி. நோய்த்தடுப்புக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால், அதன் விளைவாக அந்தப் பெட்டியில் வருவது எலும்பில்லாத, கொழுப்புக் குறைந்த, கருஞ்சிவப்பான, நார் முரடான இறைச்சி. அதை மட்டும் வைத்துச் சூப்பு வைத்தால் ருசி மெலிந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. உள்ளூரில் அறுத்த மாட்டின் எலும்பை இறைச்சிக்காரரிடம் தனியாகக் கேட்டு வாங்கி அதோடு சேர்த்துவிட்டால், குறைந்த செலவிலேயே காரியம் கைகூடிவிடும். எருமை இறைச்சிக்கு மாட்டிறைச்சியைக் காட்டிலும் அரை மணி நேரம் கூடுதலாகவே ஒதுக்கிவைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

இறைச்சிக்காரரிடம் கேட்கிற முறையும் ஒன்று உண்டு. சூப்புக்கு இறைச்சி வேண்டும் என்று பொதுவாகச் சொன்னால், வந்தவர் வீட்டில் விருந்து என்று எண்ணிக்கொண்டு, அவரும் நல்லெண்ணத்தோடுதான் உயர்ந்ததை எடுத்துக் காட்டுவார்.

"நல்ல பாத்தாங் பினாங் இருக்கு அக்கா. ரொம்ப மெதுவா இருக்கும், போடவா?"

"அது வேணாம் பாய். தெத்தல் ஒரு கிலோ போடுங்க. முட்டி எலும்பு இருந்தா நாலா வெட்டிக் குடுங்க, மஜ்ஜை வெளியே தெரியணும்."

இந்த இரண்டு வாக்கியங்களில் விஷயம் முடிந்துவிடும். தெத்தல் என்பது சவ்வும் கொழுப்பும் தசைநாணும் கலந்த துண்டங்கள். கெண்டைக்கால் இறைச்சி கிடைத்தால் அதைவிடவும் விசேஷம். இரண்டில் எதுவாயினும், நான்கு விரற்கடை அகலத்துக்குக் குறையாத பெரிய துண்டுகளாகவே வெட்டச் சொல்ல வேண்டும். சிறிய துண்டு சீக்கிரம் வேகும் என்பது உண்மையாயினும், நீண்ட நேரம் கொதிக்கும் சட்டியில் அது உருத்தெரியாமல் உதிர்ந்துவிடும்.

தமிழ் மக்கள் இந்தத் தீவில் வந்து குடியேறிய வரலாற்றையும், இந்தச் சட்டிக்குள் இருக்கும் பொருள்களையும் தனித்தனியே பிரித்துப் பேசுவது கடினம். 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கை ஆங்கிலக் கம்பெனிக்கு உரியதாக்கிய காலத்திலிருந்தே சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்களும் தொழிலாளர்களும் இங்கே வந்து குடியமர்ந்தார்கள். அவர்கள் பெயரால் சூலியா தெரு வழங்கலாயிற்று. அவர்களுடைய தலைவர் காதர் முகைதீனின் முயற்சியால் 1801-இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. நாகூர் ஆண்டவர் பெயரில் தர்கா ஒன்றும் அதே சூலியா தெருவில் அமைந்தது. பின்னர், கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள் துறைமுகத்திலும் சிறு வணிகத்திலும் பாடுபட்டார்கள். சோற்றையும் கறியையும் காவடித்தண்டின் இரு முனையிலும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களிடம் கொண்டுபோய் விற்ற எளிய வியாபாரம், நாசி கண்டார் என்னும் பெயரோடு நாட்டின் புகழ்பெற்ற உணவாகிவிட்டது. கேம்பல் தெருவின் ஹமீதியா உணவகம் 1907 முதல் அந்த மரபில் நிலைத்து நிற்கிறது.

கொத்தமல்லி விதை, சீரகம், சோம்பு, மிளகு என்னும் நான்கும் இந்த மக்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த கைவழக்கம். அதில் அன்னாசிப்பூவும், சீனர்களின் செலரியாகிய சூப்பு இலையும், தொட்டுக்கொள்வதற்குக் கிச்சாப்பும் வந்து சேர்ந்தது இந்த மண்ணின் அண்டை வீட்டுப் பழக்கத்தால். கேரட்டும் உருளைக்கிழங்கும் ஆங்கிலேயரின் ஸ்டூவை நினைவூட்டுகின்றன. அந்தத் துரைமார் வீடுகளில் சமையற்காரர்களாக இருந்த ஹைனான் சீனர்கள் அவற்றைக் கிச்சாப்போடும் பட்டையோடும் இணைத்துத் தங்களுக்கென ஒரு ஸ்டூவை உண்டாக்கிக்கொண்டார்கள். ஜாதிக்காயும் கிராம்பும் பினாங்குக்கே சொந்தமான இன்னொரு கதை உடையவை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலுக்குத் தீவுகளிலிருந்து கன்றுகளை வரவழைத்துக் கம்பெனியார் இங்கே தோட்டங்கள் அமைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் நோய் தாக்கி ஜாதித் தோட்டங்கள் அழிந்துபோயின என்றாலும், பாலிக் பூலாவ் பக்கத்தில் ஜாதி மரங்கள் இன்னமும் காய்க்கின்றன. இறக்குகிற சமயத்தில் சிறிது ஜாதிக்காயைத் துருவிப் போடுகின்ற வீடுகளில், அது எங்கிருந்து வந்த வழக்கம் என்று எவரும் கேட்பதில்லை. வாசனை வந்தால் போதும் என்பதே அவர்கள் கருத்து.

இனிச் சமைக்கும் கிரமத்துக்கு வருவோம். ஆறு பேர் வயிறார உண்ண ஒரு கிலோ இறைச்சியும் முக்கால் கிலோ எலும்பும் போதும். உறைந்த இறைச்சியாயின் முதல் நாள் இரவே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து நிதானமாக இளகவிட வேண்டும். வெந்நீரில் போட்டு அவசரமாக இளக்கினால் வெளிப்புறம் கெடத் தொடங்கும்போது உட்புறம் இன்னும் பாறையாகவே இருக்கும். எலும்பைத் தனியாகக் குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பேற்றி, ஒரு கொதி வந்து நுரை பொங்கியதும் அந்த நீரை முழுவதும் கொட்டிவிட்டு, எலும்பைக் கழுவி எடுத்துக்கொள்ள வேண்டும். சாரம் போய்விடுமே என்று அஞ்ச வேண்டாம். போவது இரத்தக் கசடும் நாற்றமும் மட்டுமே. எலும்பின் சாரம் வெளிவர மணிக்கணக்கு ஆகும்.

இறைச்சித் துண்டுகளை ஈரம் போகத் துடைத்து, தேக்சாவில் எண்ணெயோ நெய்யோ காயவைத்து, ஒரே சமயத்தில் அனைத்தையும் குவித்துவிடாமல், சில துண்டுகளாகப் போட்டு எல்லாப் புறமும் நன்றாகச் சிவக்க வறுத்தெடுக்க வேண்டும். இவ்வாறு வறுப்பதால் இறைச்சியின் சாறு உள்ளேயே அடைபடுகிறது என்று ஒரு நம்பிக்கை நீண்ட காலமாக வழங்கிவருகிறது. ஜெர்மானிய வேதியியல் அறிஞர் லீபிக் 1847-இல் வெளியிட்ட நூலின் வாயிலாகப் பரவிய அந்தக் கருத்து பிற்காலத்துச் சோதனைகளில் நிற்கவில்லை. வறுத்த இறைச்சியும் சாற்றை இழக்கத்தான் செய்கிறது. ஆனால் வறுப்பதன் பயன் வேறு. புரதமும் சர்க்கரைப் பொருள்களும் ஏறக்குறைய 140 டிகிரி உஷ்ணத்தில் ஒன்றோடொன்று வினைபுரிந்து, கொதிக்கும் நீரில் ஒருபோதும் பிறக்காத நூற்றுக்கணக்கான வாசனைப் பொருள்களை உண்டாக்குகின்றன. 1912-இல் மயார் என்னும் பிரெஞ்சு அறிஞர் இந்த வினையை விவரித்தார். ஈரம் இருக்கும் வரையில் உஷ்ணம் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால்தான் இறைச்சியைத் துடைக்கச் சொன்னதும், சட்டியில் நெருக்கக் கூடாது என்றதும். அடியில் பிடிக்கும் பழுப்பு நிறப் பற்றைச் சுரண்டி எறிந்துவிடாமல், வெங்காயத்தின் ஈரத்தால் கரைத்துக் குழம்போடு சேர்த்துவிட வேண்டும். சூப்பின் நிறமும் ருசியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

வறுத்த துண்டுகளை எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் பட்டை இரண்டு துண்டு, கிராம்பு ஆறு, ஏலக்காய் ஐந்து, அன்னாசிப்பூ இரண்டு ஆகியவற்றைப் பொரியவிட்டு, நறுக்கிய சிறிய வெங்காயம் இரண்டு கைப்பிடி சேர்த்து வதக்கி, அது பொன்னிறமானதும், இரண்டு விரல் நீள இஞ்சியையும் பத்துப் பல் பூண்டையும் இடித்துப் போட்டுப் பச்சை வாசனை போகும்வரையில் கிளற வேண்டும். கொத்தமல்லி விதை மூன்று மேசைக்கரண்டி, சீரகமும் சோம்பும் மிளகும் ஒவ்வொரு மேசைக்கரண்டி என்னும் அளவில், வெறும் சட்டியில் வாசனை எழும்வரை வறுத்துக்கொள்ள வேண்டும். சூப்பு தெளிவாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இவற்றை ஒன்றிரண்டாக நசுக்கி மெல்லிய துணியில் முடிச்சாகக் கட்டிச் சட்டிக்குள் இடுகிறார்கள். மலாய்க்காரர்களுக்கும் இந்த முடிச்சுப் பழக்கம் உண்டு. கெட்டியாக இருக்க வேண்டும் என்பவர்கள் பொடித்தே சேர்க்கிறார்கள். குடும்பத்துச் சாப்பாட்டுக்குப் பொடித்துச் சேர்ப்பதே ஏற்றது என்பது என் அபிப்பிராயம். ரொட்டியைத் தோய்த்தெடுக்கும்போது மசாலாவும் சேர்ந்து வர வேண்டும்.

இப்போது இறைச்சியும் எலும்பும் மீண்டும் சட்டிக்குள் போகின்றன. இரண்டரை லிட்டர் நீர் ஊற்றி, உப்பைப் பாதியளவு மட்டும் இட்டு, ஒரு கொதி வந்ததும் தீயைத் தாழ்த்திவிட வேண்டும். நீர் கொந்தளித்துக் கொதித்தால் இறைச்சி சீக்கிரம் வேகும் என்று எண்ணுவது தவறு. கொதிக்கும் நீரின் உஷ்ணம், தீயை எத்தனை பெரிதாக்கினாலும் மேலே ஏறுவதில்லை. கொந்தளிப்பினால் துண்டுகள் மோதிச் சிதைவதும், கொழுப்பு நுண்துளிகளாக உடைந்து கலந்து சூப்பைக் கலங்கலாக்குவதும்தான் கண்ட பலன். மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழுந்து உடைகின்ற அளவே சரியான பதம். மூடியைச் சிறிது திறந்து வைத்து, இரண்டரை மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் வரையில் அப்படியே விட்டுவிடலாம். அவ்வப்போது மேலே மிதக்கும் கொழுப்பை ஒரு கிண்ணத்தில் வழித்தெடுத்து வைத்துக்கொள்வதைத் தவிர அதற்குக் காவல் வேண்டுவதில்லை. மூன்று மணி நேரம் என்றதும் மலைத்துவிடுகிறவர்கள், அந்த நேரத்தில் சமைப்பவரின் கை படுகின்ற நேரம் எவ்வளவு சொற்பம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். துணி துவைக்கலாம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம், ஓதலாம், உறங்கவும் உறங்கலாம்.

பிரஷர் குக்கரைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு, தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பதே விடை. ஏனெனில் அந்தக் கருவி பிறந்ததே எலும்பை வேகவைப்பதற்காகத்தான். தெனீஸ் பப்பேன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1679-இல் லண்டன் ராயல் சங்கத்தாருக்குக் காட்டிய பாத்திரம், ஏழை மக்கள் எறிகின்ற எலும்பிலிருந்தும் சத்தை எடுக்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு உருவாக்கப்பட்டது. 1682-இல் அதில் சமைத்த விருந்தொன்றைச் சங்கத்தார் உண்டதாக ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அழுத்தத்தால் உள்ளே உஷ்ணம் 120 டிகிரி வரை ஏறுவதால், முக்கால் மணி நேரத்தில் கெண்டைக்கால் இறைச்சி வெந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: நேரம் மீறினால் திறந்து பார்க்க வழியில்லாததால், இறைச்சி நாராகப் பிரிந்துபோகும். வேலைநாளில் குக்கரும், விடுமுறை நாளில் தேக்சாவும் என்று வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

துண்டு ஒன்றை எடுத்துக் கரண்டியின் விளிம்பால் அழுத்தினால் தடையின்றிப் பிளவுபட வேண்டும். அந்தப் பக்குவத்துக்குச் சற்று முன்னதாகவே, கடைசி நாற்பது நிமிஷத்தில், பெரிதாக வெட்டிய உருளைக்கிழங்கு மூன்றும் கேரட் இரண்டும் சேர வேண்டும். தக்காளியை அதற்கும் பின்னால், கிழங்கு வெந்தது உறுதியான பிறகே போட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுகிறேன். புளிப்பு கிழங்கின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் கரைவதைத் தடுத்துவிடுகிறது. ஆகையால் தக்காளியோடு சேர்த்து வேகவைத்த கிழங்கு எத்தனை நேரமானாலும் நடுவில் கடுக்கென்றே நிற்கும். வெந்த கிழங்கில் ஓரிரண்டை மட்டும் கரண்டியால் மசித்துக் கரைத்துவிட்டால், ஜெலட்டினோடு அந்த மாவும் கூடிக் குழம்பு நல்ல கனம் பெறும். மீதி உப்பை அப்போது இட்டுச் சுவை பார்த்து, கடைசியில் புதிதாகப் பொடித்த மிளகும், துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகையும் தூவி இறக்க வேண்டும். பொரித்த சிறிய வெங்காயமும் நறுக்கிய சூப்பு இலையும் தட்டில் பரிமாறிய பின்னரே மேலே விழ வேண்டும். சட்டியிலேயே கொட்டினால் வெங்காயம் ஊறி மொறுமொறுப்பு போய்விடும்.

ஹஜ்ஜுப் பெருநாள் காலங்களில் இந்தச் சூப்புக்குத் தனியான கவனம் வேண்டும். ஒரு மாட்டை ஏழு பேர் வரை பங்கு சேர்ந்து குர்பான் கொடுத்து, வீட்டுக்கும் உறவினர்க்கும் ஏழைகளுக்குமாகப் பகிர்வது மரபாதலின், அன்றைய தினம் பள்ளிவாசல் வளாகங்களிலிருந்து புத்தம்புதிய இறைச்சியும் எலும்பும் வீடுகளுக்கு வந்துகொண்டேயிருக்கும். புதிதாயிருப்பதால் சீக்கிரம் வேகும் என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் அநேகர். அறுத்த சில மணி நேரங்களில் தசைகள் விறைத்து இறுகிவிடுகின்றன. அந்த விறைப்பு தணிந்து இளக ஓரிரு நாளாவது குளிரில் இருக்க வேண்டும். அன்றே சமைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அதை வறுவலுக்கு எடுக்காமல், நீண்ட கொதிப்புக்குரிய சூப்புக்கும், பருப்பும் எலும்பும் காய்கறியும் சேர்ந்த தால்ச்சாவுக்கும் ஒதுக்குவது நம் பெண்மக்கள் வெகுகாலமாகக் கண்டறிந்து வைத்திருக்கும் வழி. நெய்ச்சோறும் தால்ச்சாவும் இல்லாத பெருநாள் பந்தி இல்லை என்று சொல்லும்படியாக அது நிலைபெற்றதற்கு, ருசியோடு இந்த நடைமுறைக் காரணமும் உண்டு என்று நினைக்கிறேன்.

பரிமாறும்போது பினாங்கின் ரொட்டி பெங்காலியைக் கனமான துண்டுகளாக வெட்டி வைக்க வேண்டும். தமிழ் முஸ்லிம்களின் ரொட்டிக் கூடங்களில் இன்றும் சுடப்படுகின்ற அந்த ரொட்டி, சூப்பில் தோய்த்தாலும் சட்டென்று கரைந்துவிடாத உறுதி உடையது. சோறு விரும்பும் பெரியவர்களுக்குச் சோறும், கிச்சாப்பில் சீலி பாடி நறுக்கிப்போட்ட சம்பாலும், எலுமிச்சைத் துண்டும் பக்கத்தில் இருக்கட்டும். மஜ்ஜையுள்ள எலும்பு பந்தியில் எவருக்குப் போக வேண்டும் என்பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. பல் விழுந்த வாப்பாவுக்கு ஒன்றும், அடம்பிடிக்கிற கடைக்குட்டிக்கு ஒன்றும் போன பிறகு மற்றவர்கள் கேட்டுக்கொள்ளலாம். மென்று தின்ன முடியாத வயதினருக்கும் பல் முளைக்கும் வயதினருக்கும் ஒரே சட்டியிலிருந்து உணவு எடுக்க முடிவது இந்தச் சமையலின் பெரிய தர்மம் என்று நான் கருதுகிறேன். கரண்டியில் நசுங்கும் இறைச்சியை இவர்களுக்கும், காரம் சேர்த்த குழம்பை இளைஞர்களுக்கும் கொடுத்து, அம்மா தனியாக இன்னொரு அடுப்பு மூட்டாமல் தானும் அவர்களோடு உட்கார்ந்து உண்ணலாம்.

மிஞ்சியதைக் காப்பதில் ஒரு விஷயத்தை வீட்டார் பலர் அலட்சியம் செய்கிறார்கள். இரவு முழுவதும் சட்டியை அடுப்பிலேயே மூடிவைத்து, காலையில் சூடாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பழைய எண்ணம். இறைச்சிக் குழம்பில் சில கிருமிகளின் வித்துகள் கொதிப்பிலும் சாகாமல் தப்பிவிடுகின்றன. பெரிய சட்டி மெல்ல ஆறுகிறபோது, அவை முளைத்துப் பல மடங்காகப் பெருகி வயிற்றுப்போக்கை உண்டாக்குகின்றன. ஜார்ஜ் டவுனின் வெக்கையில் கனமான குழம்பு ஆற வெகுநேரம் ஆகும். ஆகையால் பந்தி முடிந்தவுடனே எலும்பை எடுத்துவிட்டு, குழம்பை அகலமும் ஆழக்குறைவும் உள்ள பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, அந்தப் பாத்திரங்களைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டிக்குள் சேர்த்துவிட வேண்டும். மறுநாள் எடுக்கும்போது அது கட்டியாக உறைந்திருந்தால், வாங்கிய எலும்பு நல்ல எலும்பு என்று தெரிந்துகொள்ளலாம். உறையாமல் நீர்த்தே இருந்தால், அடுத்த முறை இறைச்சியைக் குறைத்து முட்டியைக் கூட்டிக் கேட்க வேண்டும்.

மேலே வெண்மையாகப் படிந்திருக்கும் கொழுப்பை வழித்து, முன்பு கிண்ணத்தில் எடுத்துவைத்ததோடு சேர்த்துக்கொண்டால், அடுத்த வாரம் வெங்காயம் வதக்க வேறு எண்ணெய் வேண்டாம். குழம்பைக் குமிழிட்டுக் கொதிக்கும் அளவுக்கு நன்றாகச் சூடாக்கி, வேகவைத்த மஞ்சள் மீயின் மேல் ஊற்றி, பொரித்த வெங்காயமும் சீலி பாடியும் தூவினால், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு மறுநாள் மதியத்துக்கு அதுவே மீ சூப்பு.